ஒழுக வேண்டிய கூரை

சபையின் பொருளாளர் நான்.
இருபத்து மூன்று குடும்பம், ஒரு கொதிகலன்,
அதற்கு என்னைவிட இரண்டு வயது கூட.
தண்டர் பேயில் அக்டோபர் மாதம்
கூடாரப் பண்டிகைக்குக் குடில் போடுவது
பனிக்கும் எங்களுக்கும் பந்தயம்.

குருத்தோலை தபாலில் வந்துவிட்டது.
எத்ரோக் பழம் நான்கு நாள் சுங்கத்தில் கிடந்தது.
எலுமிச்சைக்குத் தூரத்து உறவு.
விலையைக் கேட்டால் நெருங்கிய உறவும் ஓடிவிடும்.
கணக்கில் எழுதினேன்: பழம், ஒன்று.

கூரைக்குத் தழை வேண்டும்.
பின்லாந்துக்காரர்களின் லூத்தரன் கோவிலிலிருந்து
ஔனே தன் வண்டியில் ஸ்ப்ரூஸ் கிளைகள் கொண்டுவந்தாள்.
இறக்கினாள், கையுறையைத் தட்டினாள்,
"காபி இருக்கா?"
ஒரு வருடத்துக்கான பேச்சு முடிந்தது.

பள்ளிவாசல் அடுத்த வாசல்.
வெள்ளி மதியம் அவர்கள் கார்கள் எங்கள் முற்றத்தில்,
சனி காலை எங்களுடையவை அவர்கள் முற்றத்தில்
(வண்டி ஓட்டக் கூடாத நாள்தான்,
நான் எதையும் பார்க்கவில்லை).
ஒன்பது வருடம் ஒரு நல்லிணக்கக் குழு இருந்தது.
தேநீர், பிஸ்கட், தீர்மானம்.
போன வருடம் குழு கூடவில்லை.
ஏன் என்று குறிப்பேட்டில் இல்லை.
எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதுவார்கள்?
கார்கள் மட்டும் மாறி மாறி நின்றன.

பண்டிகைக்கு முந்தைய மாலை
நான்கு மணிக்கு ஆலங்கட்டி.
ஹெர்ஷ் மருந்து வாங்கப் போயிருந்தான்.
நான் உள்ளே சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.
வெளியே சுத்தியல் சத்தம்.

ஏணியில் இஃபெத்.
பொஸ்னியாக்காரர், தச்சர்,
எங்களுக்குள் தலையசைப்பு மட்டும்தான் பழக்கம்.
குடிலின் மேல் நீலத் தார்ப்பாய்,
நான்கு மூலையும் இழுத்து ஆணி அடித்து.
ஒரு சொட்டு உள்ளே வராது.
"நனையுதேன்னு பார்த்தேன்" என்றார்.
"எத்தனை ஓட்டை! யார் போட்ட கூரை இது?"

எப்படிச் சொல்வது?
ஒழுகாத கூரைக்குத்தானே உலகம் உழைக்கிறது.
எங்கள் சட்டமோ வருடத்தில் ஏழு நாள்
ஒழுகுவதன் கீழ் உட்கார்ந்து உண்ணச் சொல்கிறது.
மழை உள்ளே வர வேண்டும்.
நட்சத்திரம் தெரிய வேண்டும்.
பொழுது சாயும் முன் தார்ப்பாய் இறங்க வேண்டும்.
சொன்னேன், திக்கித் திக்கி,
நன்றியை முன்னால் நிறுத்தி.

ஏணியிலேயே நின்றார்.
"எங்கள் கூரையை ஒரு குண்டு கொண்டுபோனது.
ஒரு குளிர்காலம் முழுக்க நட்சத்திரம் பார்த்தோம்.
நீங்கள் கேட்டு வாங்கிப் பார்க்கிறீர்கள்."

அது கோபமா?
எனக்கு இன்றும் தெரியாது.

சுத்தியலைத் திருப்பிப் பிடித்தார்.
ஆணிகள் ஒவ்வொன்றாய் வந்தன.
வளைந்ததை நிமிர்த்திச் சட்டைப்பையில் போட்டார்.
ஆறே முக்காலுக்குக் குடிலில் மறுபடி வானம்.
இறங்குமுன் கிளைகளை மட்டும்
இங்கொன்று அங்கொன்று நகர்த்தினார்:
"ஒழுகுவதும் ஒழுங்காக ஒழுகட்டும்."

அன்றிரவு பதினாறு பேர்.
ஔனே, கையுறையோடு.
இஃபெத்தின் மனைவி ஸும்ரா
வெட்டாத ஆப்பிள் ஒரு கூடை கொண்டுவந்தாள்.
எங்கள் சமையலறைச் சட்டங்களை
யாரிடமோ விசாரித்திருக்கிறாள்.
பௌர்ணமி மேகத்துக்குப் பின்னால் எங்கோ.
ஹெர்ஷ் ஆசி சொல்லும்போது
முதல் சொட்டு ரொட்டியில்,
இரண்டாவது என் கழுத்தில்.

முன்னோர் விதி ஒன்று உண்டு:
உணவு கெடும் அளவு மழை பெய்தால்
எழுந்து உள்ளே போகலாம், பாவமில்லை.
எந்த அளவு என்பதில் வருடா வருடம் தகராறு.
ஹெர்ஷ் கதவைப் பார்த்தான்.
நான் கொதிகலனை நினைத்தேன்.
பார்லி சூப்பில் சொட்டுகள் வட்டம் போட்டன.

இஃபெத் கரண்டியை எடுத்தார், ஊதினார், குடித்தார்,
பலகையைத் தட்டிப் பார்த்தவர் போலக் கொஞ்சம் யோசித்தார்.

"இன்னும் கெடவில்லை" என்றார்.
உப்பு கேட்டார்.